வலிக்கு ஏற்ற தடவல்: உழவர் உடம்புக்கு ஒரு பாடம்

நெற்பயிர் மஞ்சளாகிறது. தழைச்சத்து குறைந்தாலும் மஞ்சள்தான், தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் மஞ்சள்தான், துத்தநாகம் பற்றாவிட்டாலும் மஞ்சள்தான். அனுபவப்பட்ட உழவர் உடனே எதையாவது கரைத்து ஊற்ற மாட்டார். அடி இலை முதலில் வெளுத்ததா, குருத்து முதலில் வெளுத்ததா என்று பார்ப்பார். ஒரு தூரைப் பிடுங்கி வேர் வெள்ளையா கருப்பா என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் கைவைத்தியம்.

பயிருக்கு இவ்வளவு நிதானம் காட்டுகிற நாம், நம்ம உடம்பு விஷயத்தில் என்ன செய்கிறோம்? "முதுகு வலிக்குதா, யாரையாவது விட்டு நல்லா மிதிக்கச் சொல்லு." "கால் வலிக்குதா, எண்ணெயக் காய்ச்சி உருவு." ஒரே வலி, ஒரே வைத்தியம். எல்லா மஞ்சளுக்கும் யூரியா போடுகிற வேலை இது.

நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இந்தப் பாடத்தில் எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை, கடைமடைப் பக்கம் நாலு ஏக்கர் வைத்திருக்கிற விவசாயி. கேட்டு, பார்த்து, பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

என் முதுகு சொன்ன பாடம்

எட்டு வருஷத்துக்கு முன்னால், சம்பாவில் இரண்டாம் களை. களைக்கொல்லி நம்ம வயலில் கிடையாது. ஆள் கிடைக்கவில்லை. நானும் வீட்டுக்காரியுமாக ஐந்து நாள் குனிந்த தலை நிமிராமல் எடுத்தோம். ஆறாம் நாள் காலை இடுப்பில் ஒரு பிடிப்பு. அடுத்த இரண்டு நாளில் அந்த வலி இடது புட்டத்தில் இறங்கி, தொடைக்குப் பின்னால் ஓடி, கெண்டைக்கால் வழியாகக் கால் கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுண்டியது. இருமினால் கூடியது, தும்மினால் உயிர் போனது.

பக்கத்து ஊரில் மிதித்து விடுகிற ஒருவர் இருந்தார். உத்திரத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகில் எண்ணெய் விட்டுக் காலால் உழிவார். பலருக்கு நல்லாகியிருக்கிறது. எனக்கும் அன்று ராத்திரி கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து கொல்லைக்கு நடந்தால் இடது காலில் செருப்பு நிற்கவில்லை, நழுவி நழுவிப் போனது. குனிந்து பார்த்தேன். கட்டைவிரலைத் தூக்கச் சொன்னால் தூக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. மிதித்ததால்தான் ஆனதா, தானாகவே ஆகிக்கொண்டிருந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நரம்பு நசுங்கிய முதுகில் ஓர் ஆள் ஏறி நின்றிருக்கக் கூடாது, அது உறுதி. கத்தி வைக்காமலே சரியாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கட்டைவிரல் நிமிர நாலு மாசம் ஆனது. அந்தச் சம்பா அறுப்பை மச்சான் வந்து முடித்துக் கொடுத்தார். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன்.

பிறகு, அரசு ஆஸ்பத்திரி சித்த மருத்துவப் பிரிவில் ஒரு டாக்டரம்மாவிடம் போக ஆரம்பித்தேன். அவர்தான் எனக்கு இந்தப் பாடத்தை எடுத்தார். முதல் நாளே கேட்டார்: "ஐயா, நெலம் தொளி தொளின்னு இருக்கும்போது டிராக்டர எறக்குவீங்களா?"

"எறக்க மாட்டோம்மா. மண்ணு அமுங்கி இறுகிப் போயிடும்."

"அதே நெலம் பதமா இருக்கும்போது?"

"பொலபொலன்னு வரும்."

"அவ்வளவுதான். உழவு தப்பில்ல. பதம் பார்க்காத உழவுதான் தப்பு. தடவலும் அப்படித்தான்."

தொடுவதற்கு முன் நாலு கேள்வி

யாரிடம் போவதானாலும், வீட்டிலேயே தேய்ப்பதானாலும், முதலில் உங்களை நீங்களே இந்த நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, எப்போது வந்தது? நேற்று வந்ததா, நாலு வருஷமாக இருக்கிறதா? புதுக் காயத்துக்கும் பழைய விறைப்புக்கும் வைத்தியம் நேர் எதிர்.

இரண்டு, எங்கே இருக்கிறது? இரண்டு பக்கமும் சமமாக வலித்தால் பெரும்பாலும் வேலை அசதி. ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் தசை முடிச்சாக இருக்கலாம். ஓரிடத்தில் தொடங்கி இன்னோர் இடத்துக்கு ஓடினால், மரத்துப் போனால், எறும்பு ஊர்ந்தால், அது நரம்புச் சங்கதி.

மூன்று, அசைந்தால் என்ன ஆகிறது? காலையில் விறைப்பாக இருந்து நடக்க நடக்க இளகினால் தடவலுக்கு நல்ல உடம்பு. படுத்திருந்தாலும், ராத்திரி முழுக்கவும் குறையாத வலி என்றால் முதலில் டாக்டர், அப்புறம்தான் எண்ணெய்.

நாலு, கூட வேறு என்ன இருக்கிறது? காய்ச்சல், வீக்கம், சூடு, சிவப்பு, எடை குறைவு, மூச்சு வாங்கல் இதில் ஒன்று இருந்தாலும் தடவலை நிறுத்தி வையுங்கள்.

உடம்புக்கு ஏற்ற வகை

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 என்று கணக்கு. பற்று, ஒற்றடம், வேது, கட்டு இவற்றோடு தொக்கணமும் அதில் ஒன்று. தொக்கணம் என்றால் தடவிப் பிடித்து விடுவது. அதிலேயே ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஒரே வார்த்தையில் நாம் "மசாஜ்" என்று சொல்வதை நம்ம ஆட்கள் ஒன்பதாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொன்று வேண்டியிருந்ததால்தானே பிரித்தார்கள்?

இனி நம்ம வேலையில் வருகிற வலிகளை எடுத்துக்கொள்வோம்.

1. வேலை அசதி. நாற்று நட்ட மறுநாள், கதிர் கட்டுத் தூக்கிய மறுநாள், உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி. பழக்கமில்லாத வேலை செய்தால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் இந்த வலி உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். இதற்கு அழுத்தம் வேண்டாம். வெதுவெதுப்பான எண்ணெய், நீளமான மெல்லிய தடவல், லேசான பிசைதல் போதும். ஆயுர்வேதத்தில் அப்யங்கம் என்பதும், மேல்நாட்டில் சுவீடிஷ் மசாஜ் என்பதும் இந்த ரகம்தான். நம்ம வீட்டு எண்ணெய்க் குளியலும் இதற்குத்தான்.

இங்கே ஒரு விஷயம். "தசையில லாக்டிக் அமிலம் தேங்கிப் போச்சு, தேய்ச்சா வெளியேறிடும்" என்று சொல்வார்கள். வேலை முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் உடம்பே அதை எடுத்துப் பயன்படுத்திவிடுகிறது. மறுநாள் வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படுகிற நுண்ணிய கிழிசலும் அதை ஆற்றுகிற வேலையும். ஆகவே போட்டு இடிப்பதால் கழிவு வெளியேறாது, கிழிசல்தான் கூடும். மெல்லத் தடவினால் வலி கொஞ்சம் குறையும், தூக்கம் வரும். அதுவே பெரிய லாபம்.

2. தசை முடிச்சு. ஜீவாமிர்தம் வாளி சுமந்து, கைத்தெளிப்பான் மாட்டி, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே உருண்டையாக இறுகிப் போகும். 16 லிட்டர் தெளிப்பான் நிறைந்தால் 20 கிலோ பக்கம் வரும், அதைத் தோள் சும்மா தாங்காது. இதற்கு மேலோட்டமான தடவல் பற்றாது. தொக்கணத்தில் அழுத்தல், பிடித்தல். ஜப்பானில் விரலால் அழுத்துகிற ஷியாட்சு, நகரத்து நிலையங்களில் டீப் டிஷ்யூ என்று பலகை போட்டிருப்பது, எல்லாம் இந்தப் பக்கம்தான். முடிச்சின்மேல் கட்டைவிரலை வைத்து, மெதுவாக அழுத்தம் கூட்டி, அரை நிமிஷம் நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். கடப்பாரை போட்டு நெம்புகிற வேலை அல்ல. இறுகிய மண்ணில் மெல்ல நீர் கட்டி ஊற விடுகிற வேலை.

எவ்வளவு அழுத்தம் சரி? பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் ஐந்து ஆறு இருக்கலாம். "சுகமா வலிக்குது" என்று சொல்ல முடிய வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் அதிகம். அப்போது தசை இளகாது, எதிர்த்து இறுகும். இரண்டு நாளுக்கு மேல் தொட்டால் வலித்தாலோ, நீலம் பாரித்தாலோ அந்தக் கை உங்களுக்கு ஆகாது.

3. விறைப்பு. வயசாக ஆக இடுப்பு வளையாது, தோள் உயராது, தொடைப் பின்புறம் கயிறு மாதிரி இறுகிப் போகும். இதற்கு எண்ணெயைவிட இழுத்து நீட்டுவது பலன் தரும். இழுத்தல், அசைத்தல் இங்கே வரும். தாய்லாந்தின் நுவாட் தாய் முறை முழுக்க இதுதான். எண்ணெய் கிடையாது, துணியோடு பாயில் படுக்க வைத்து, கையாலும் முழங்கையாலும் காலாலும் அழுத்தி இழுத்து நீட்டுவார்கள். 2019இல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. கேரளத்தின் மிதி உழிச்சலும் களரி வீரர்களின் உடம்பை வளைய வைக்கத் தோன்றியது. இளம் வயசு, நோயில்லாத உடம்பு, நல்ல ஆசான், இந்த மூன்றும் இருந்தால் மிதி நல்லது. நான் போனபோது இதில் ஒன்றும் இல்லை, நரம்பு வலி மட்டும் இருந்தது.

4. மூட்டுத் தேய்மானம். வருஷக் கணக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை எடுத்த நம்ம அம்மாக்களின் முழங்கால். மூட்டின்மேலேயே போட்டு அழுத்தாதீர்கள். மூட்டுக்கு மேலே தொடைத் தசையையும், கீழே கெண்டைக்காலையும் இளகத் தேய்த்து, பிறகு ஒற்றடம். நொச்சி, ஆமணக்கு, எருக்கு, புளிய இலைகளை நறுக்கி, எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்தால் இலைக் கிழி. எருக்கம் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பறிக்கும்போது கவனம். நொச்சியை வேலியில் வைத்திருக்கிறோம், தானியத்துக்குப் போட்டு வைக்கிறோம். ஆமணக்கை வரப்பில் பொறிப்பயிராக வைத்திருக்கிறோம். மருந்து நம்ம வரப்பிலேயே நிற்கிறது.

தேய்ந்த எலும்பு தடவலால் வளராது. வலி குறைகிற நேரத்தைப் பயன்படுத்தித் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால்தான் மூட்டுக்குச் சுமை குறையும். கட்டிலில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

5. புதுச் சுளுக்கு. வரப்பு வழுக்கிக் கணுக்கால் பிசகி உடனே வீங்குகிறது. இங்கேதான் நாம் அதிகம் தப்பு செய்கிறோம். முதல் இரண்டு மூன்று நாள் தடவலும் வேண்டாம், சூட்டு ஒற்றடமும் வேண்டாம். உள்ளே கசிகிற ரத்தம் கூடும். குளிர்ந்த ஒற்றடம், துணிக்கட்டு, காலை உயரே தூக்கி வைப்பது. நாலு அடி ஊன்றி நடக்கவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள், எலும்பு விட்டிருக்கலாம். வீக்கம் வடிந்த பிறகு லேசான நீவல். தொளி வயலில் டிராக்டர் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னது இதைத்தான்.

6. மெலிந்த தசை. பக்கவாதத்தில் இருந்து எழுகிறவர்கள், நீண்ட நாள் படுத்துத் தசை வற்றியவர்கள். இவர்களுக்கு நவரைக் கிழி என்று ஒன்று உண்டு. குறுந்தொட்டிக் கஷாயமும் பாலும் சேர்த்து நவரை அரிசியை வேக வைத்து, துணியில் முடிந்து, வெதுவெதுப்பாக உடம்பில் ஒற்றித் தேய்ப்பார்கள். பாரம்பரிய நெல் போடுகிற நண்பர்கள் இதைக் கவனியுங்கள். நவரை சாப்பாட்டுக்கு மட்டும் உள்ள நெல் அல்ல, மருந்து நெல். அறுபது நாள் நெல் என்று பெயர் வாங்கிய குறுகிய காலப் பயிர். குறுந்தொட்டியோ நம்ம தரிசில் தானாக முளைக்கிற செடி. இந்தச் சிகிச்சையை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

7. தூக்கமில்லாத உடம்பு. விலை இல்லை, மழை இல்லை, கடன் இருக்கிறது. இந்த வலிக்கு விரல் வைத்துக் காட்ட இடம் கிடையாது. உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் எண்ணெய் வைத்துப் பத்து நிமிஷம் மெதுவாகத் தேய்த்தால் உடம்பு அடங்கும். இதற்குத் தனி வித்தை வேண்டாம், பாசமான கை போதும். ஆனால் மனசு ரொம்ப இருண்டு போனால் எண்ணெயோடு நிறுத்தாதீர்கள். யாரிடமாவது வாய் திறந்து பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

வர்மமும் சொடுக்கும்

வர்மப் புள்ளிகள் 108 என்பது கணக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டால் ஆபத்தான இடங்களை அறிந்து, அதே இடங்களை முறையாகத் தொட்டு வைத்தியம் செய்வது வர்மானிகளின் கலை. குமரி மாவட்டப் பக்கம் இது ஆழமாக வேர் விட்டது. புத்தகம் பார்த்து வீட்டில் செய்கிற வேலை அல்ல. ஆசானிடம் வருஷக் கணக்கில் நின்று கற்றவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்று, முடி வெட்டும் கடையில் கழுத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் "டக் டக்" என்று சொடுக்கு எடுப்பது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கழுத்தெலும்பின் ஊடாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஓடுகிறது. திடீர்த் திருகலில் அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. எப்போதோ ஒருவருக்குத்தான் நடக்கும். நடந்தால் திருப்ப முடியாது. அடுத்த தடவை "தலைய மட்டும் பிடிச்சு விடுப்பா, கழுத்து வேணாம்" என்று சொல்லிவிடுங்கள்.

எந்த எண்ணெய்?

அசதிக்கும் குளியலுக்கும் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். எரிச்சலும் சூடும் உள்ள உடம்புக்குத் தேங்காய் எண்ணெய். வாத வலிக்கு உளுந்துத் தைலம், நீர்க்கோர்வைக்கும் தலைபாரத்துக்கும் சுக்குத் தைலம் என்று சித்த மருத்துவர்கள் ஆளுக்குத் தக்கபடி கொடுப்பார்கள். புதுத் தைலம் எதுவானாலும் முன்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தால் வேண்டாம்.

எண்ணெயை நேராக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குங்கள். சாப்பிட்ட உடனே தேய்க்க வேண்டாம். காய்ச்சல், சளி இருந்தால் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று கொளுத்துகிற வெயிலில் வயலில் இறங்காதீர்கள். அறுப்புக்கு முந்தின நாளைவிட, அறுப்பு முடிந்த மறுநாள் நல்லது.

தொடவே கூடாத நேரம்

இதை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

ஒற்றைக் கால் கெண்டைச்சதை வீங்கி, சூடாக, அமுக்கினால் வலித்தால் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கும். படுக்கையில் கிடந்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், மாவுக்கட்டுப் போட்டவர்கள், பிரசவம் ஆனவர்கள் இவர்களிடம் இது கூடுதல் கவனம்.

நெஞ்சிலோ, இடது தோளிலோ, தாடையிலோ வலி, கூடவே வியர்வை, மூச்சு முட்டல் என்றால் "வாயுப் பிடிப்பு" என்று நீவிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108.

முதுகு வலியோடு கால் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்கு என்று தள்ளினால் நரம்பு திரும்பாது.

சர்க்கரை நோயாளியின் மரத்த காலுக்குச் சூட்டு ஒற்றடம் கொடுத்தால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. முதலில் உங்கள் கையில் வைத்துச் சூடு பாருங்கள்.

காலில் சுருண்டு புடைத்த நரம்பின்மேல் அழுத்தாதீர்கள். எலும்பு வலுவிழந்த முதியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் ஆழ்ந்த அழுத்தம் எதுவும் வேண்டாம். புண், படை, சீழ் உள்ள இடத்தில் கை வைக்க வேண்டாம்.

யாரிடம் போவது?

போவதற்கு முன் கேளுங்கள்: எங்கே கற்றீர்கள்? இந்த வலிக்கு எதற்காக இந்த முறை? அவர் உங்களிடம் திரும்பக் கேள்வி கேட்கிறாரா என்றும் பாருங்கள். சர்க்கரை இருக்கா, ரத்தக்கொதிப்பு இருக்கா, ஆபரேஷன் ஆயிருக்கா என்று கேட்காமலே எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கிறவரிடம் படுக்காதீர்கள். "வலிக்குது, நிறுத்துங்க" என்றால் நிறுத்துகிற கைதான் நல்ல கை. ஊரில் பரம்பரையாகச் செய்கிறவர்களில் அருமையானவர்கள் இருக்கிறார்கள். "இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லத் தெரிந்தவர் யாரோ, அவரை விடாதீர்கள்.

தமிழ்நாட்டில் பல அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வர்மமும் தொக்கணமும் முறையாகச் செய்கிறார்கள்.

வீட்டுப் பயிற்சி: பத்து நிமிஷம்

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால். முதலில் கால். கணுக்காலில் தொடங்கி முழங்கால் பக்கமாக, கீழிருந்து மேலே, இரண்டு கையாலும் பத்துத் தடவை உருவுங்கள். அடுத்து, அரிவாள் பிடித்த கை. மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் போங்கள். பால் கறப்பவர்களுக்கு இது கண்டிப்பாக வேண்டும். மூன்றாவது, புட்டம். பிள்ளைகள் விளையாடுகிற ரப்பர் பந்தைச் சுவருக்கும் புட்டத்துக்கும் நடுவே வைத்துச் சாய்ந்து, வலிக்கிற இடத்தில் அரை நிமிஷம் நில்லுங்கள். கடைசியாக மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலையும் நெஞ்சுக்கு இழுத்துப் பிடியுங்கள். வலி காலுக்கு ஓடினால் உடனே நிறுத்துங்கள்.

வலி வருகிற வழியையும் அடைக்க வேண்டும். நான் இப்போது 25க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டு, நின்றபடியே கோனோவீடர் தள்ளுகிறேன். அதன் கைப்பிடியை என் இடுப்பு உயரத்துக்கு மாற்றிக்கொண்டேன். கையால் எடுக்க வேண்டிய களைக்கு அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் சாய்கிறேன். இதைவிட நல்ல மசாஜ் கிடையாது, காசும் கிடையாது.

அடுப்பில் இருந்த எண்ணெய்

போன வருஷம் என் அத்தை, 68 வயசு, விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, எங்கள் வீட்டில்தான் மூன்று வாரமாகப் படுத்திருந்தார். ஒரு சாயங்காலம், "தம்பி, இந்தக் கால் கெண்டை கனக்குதுடா, கொஞ்சம் எண்ணெய் போட்டு உருவி விடேன்" என்றார். வீட்டுக்காரி எண்ணெயைச் சூடு பண்ண வைத்துவிட்டாள். நான் போர்வையை விலக்கி இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் தடித்திருந்தது. புறங்கையை வைத்தேன், சுட்டது.

கையை எடுத்துவிட்டேன். "அத்தை, இதத் தேய்க்கக் கூடாது, வாங்க போவோம்" என்றேன். அவருக்குக் கோபம். "ஒரு எண்ணெய் போடச் சொன்னா ஆஸ்பத்திரிங்கிறான்" என்று வண்டியில் ஏறுகிற வரைக்கும் திட்டினார். அங்கே டாப்ளர் ஸ்கேனில் பார்த்தார்கள். தொடை வரைக்கும் ரத்தம் உறைந்திருந்தது. "தேய்ச்சீங்களா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். "இல்ல சார்." "நல்ல வேளை."

அத்தை இப்போது கோலூன்றி நடக்கிறார். எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து விதை நெல்லில் கலப்புப் பொறுக்குகிறார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நானாக இருந்தால் அன்று உருவியிருப்பேன். பாசத்தோடுதான் உருவியிருப்பேன். பயிரைப் பார்க்கிற கண்ணோடு உடம்பையும் பாருங்கள், உழவர்களே. பதம் பார்த்துக் கை வையுங்கள். உங்கள் ஊரில் நல்ல தடவல் கை இருந்தால், அவர் எந்த வலிக்கு என்ன செய்கிறார், எதைத் தொட மறுக்கிறார் என்று கேட்டு எழுதி வையுங்கள். விதையைப் போல அதுவும் நாம் காப்பாற்ற வேண்டிய செல்வம்.